கேரி கில்டால்: ‘ஏ’ வட்டைத் தந்தவர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

நம் கல்லூரி ஆய்வகத்தில் எந்தக் கணிப்பொறியைத் திறந்தாலும் அதன் உள்வட்டுக்குச் ‘சி’ என்று பெயர் இருப்பதைக் காணலாம். முதலாண்டில் நான் இதைக் கண்டு குழம்பினேன். எண்ணத் தொடங்குகிறவன் மூன்றிலிருந்தா தொடங்குவான்? ‘ஏ’யும் ‘பி’யும் எங்கே போயின? எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டபோது, அவ்விரண்டு எழுத்துகளும் பழைய நெகிழ்வட்டுகளுக்கு உரியவை என்றும், அவ்வட்டுகள் மறைந்த பின்னும் அவற்றின் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் விளக்கினார். போனவர்களுக்காக இன்னும் இலை போட்டு வைத்திருப்பது போல எனக்குத் தோன்றியது. அந்த எழுத்துகளைச் சிறு கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று தேடிப் போனபோது கிடைத்த பெயர்தான் கேரி கில்டால்.

பில் கேட்சை அறியாதவர் நம் வகுப்பில் இல்லை. கில்டாலை அறிந்தவர் நூலகத்தில் தேடினாலும் இருவர் மூவருக்கு மேல் கிடைக்க மாட்டார்கள். ஆனால் 1970-களில் சிறு கணிப்பொறிகளோடு வளர்ந்து இன்று தலை நரைத்துப் போன அயல்நாட்டு நிரலர்களிடையே இந்தப் பெயருக்கு உள்ள மதிப்பே வேறு. அவர் எழுதிய இயக்க அமைப்பின் பெயர் சி.பி./எம். நம்மூரில் இப்படிச் சொன்னால் சுவரில் எழுதும் கட்சிதான் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை!

கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். அது கப்பல்களின் ஊர். அவருடைய குடும்பத்தார் மாலுமிகளுக்குக் கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்பதை அறிய விண்மீனைப் பார்த்து, கோணத்தை அளந்து, அட்டவணைகளைப் புரட்டி, நீண்ட கணக்குப் போட வேண்டும். ஒரு கைப்பிடியைச் சுற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் தானே விழுந்துவிடும் ஓர் இயந்திரம் வேண்டும் என்பது அவருடைய தந்தையின் கனவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கில்டால் சிறந்த மாணவர் அல்லர். வண்டிகளையும் படகுகளையும் பிரித்து மாட்டுவதில்தான் அவருக்கு ஆர்வம். பள்ளி முடித்ததும் குடும்பப் பள்ளியிலேயே சிலகாலம் பாடம் நடத்தினார். 1963-இல், பள்ளிப் பருவம் முதல் அறிந்த டாரதியை மணந்தார். கணித ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரைக் கணிப்பொறி இழுத்துக்கொண்டது. வியட்நாம் போர் நடந்த காலமாதலால் இராணுவச் சேவை கட்டாயமாக இருந்தது. கில்டால் அதைக் கலிபோர்னியாவில் மான்டரே நகரிலிருந்த கடற்படை உயர்கல்விக் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்து நிறைவேற்றினார். 1972-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அடுத்த ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை கம்பைலர் ஒரு நிரலைச் செம்மைப்படுத்தும் வழியைப் பற்றியது. அந்த முறை இன்றும் அவர் பெயராலேயே பாடநூல்களில் வருகிறது. வேறொன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் அதற்காகவே அவர் பெயர் நின்றிருக்கும்.

இதற்கிடையில் 1971-இன் இறுதியில் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டிருந்தது. விரல் நகமளவு சிலிக்கானில் ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்கள். கணிப்பொறி என்றால் ஓர் அறையை நிறைப்பது, கோடீசுவர நிறுவனங்கள் வைத்திருப்பது என்றிருந்த காலம் அது. 25 டாலருக்கு ஒரு கணிப்பொறி என்ற அறிவிப்பைக் கண்ட கில்டால் அதில் ஒன்றை வாங்கினார். தந்தையின் கைப்பிடி இயந்திரம் அவர் நினைவுக்கு வந்தது. நான்கு பிட்டுகளை மட்டுமே ஒரு நேரத்தில் கையாளத் தெரிந்த அந்தச் சில்லுக்கு சைன், கொசைன் கணக்குகளைப் போடக் கற்றுக்கொடுக்கும் நிரல்களை எழுதினார். அவற்றைக் கண்ட இன்டெல்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் வந்து தங்களுக்கு வேலை செய்யுமாறு அவரை அழைத்துக்கொண்டனர். 1973-இல் அவர்களுக்காக அவர் உருவாக்கிய பி.எல்./எம். என்ற மொழிதான் நுண்செயலிக்கென எழுந்த முதல் உயர்நிலை நிரல்மொழி.

ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. சிறிய பொறிக்கான நிரலை எழுத மீண்டும் பெரிய கணிப்பொறியிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. சிறிய பொறியிலேயே எல்லாவற்றையும் செய்ய முடியாதா என்று கில்டால் நினைத்தார். தடையாக இருந்தது சேமிப்பு. அன்று நிரலைச் சேமிக்கத் துளையிட்ட காகித நாடாவைப் பயன்படுத்தினர். டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறி அதை நொடிக்குப் பத்து எழுத்து வீதம் படிக்கும். அப்போதுதான் புதிதாக வந்திருந்த எட்டு அங்குல நெகிழ்வட்டில் இரண்டரை இலட்சம் எழுத்துகள் கொள்ளும். அவ்வளவையும் காகித நாடாவில் படிக்க ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாடா நடுவில் கிழிந்தால் அந்த ஏழு மணி நேரமும் வீண்.

சோதனைக்கூடத்தில் ஓடித் தேய்ந்த வட்டு இயக்கி ஒன்றை ஷுகார்ட் நிறுவனம் அவருக்குக் கொடுத்தது. அதைக் கணிப்பொறியோடு இணைக்கும் மின்சுற்றைச் செய்ய முயன்று கில்டால் தோற்றார். நிரல் எழுதுவதில் வல்லவர் மின்சுற்றில் தேறவில்லை என்பது எனக்கு ஒருவகை ஆறுதல்! வட்டு நெடுநாள் சும்மாவே கிடந்தது. இடையில், காசு போட்டால் சாதகம் அச்சிட்டுத் தரும் இயந்திரம் ஒன்றுக்குக்கூட அவர் நிரல் எழுதினார். நுண்செயலியைக் கையில் எடுத்தவுடன் சோதிடம் பார்க்க நினைத்தது நம் நாடு மட்டுமன்று. கடைசியில் பல்கலைக்கழக நண்பர் ஜான் டோரோடு அந்த மின்சுற்றைச் செய்து முடித்தார். 1974-ஆம் ஆண்டு, பசிபிக் குரோவ் என்னும் கடலோர ஊரில், வீட்டின் பின்புறமிருந்த கொட்டகையில், இருவரும் பொறியை இயக்கினார்கள். நாடாவில் இருந்த நிரல் உள்ளே போயிற்று, வட்டு சுழன்றது, கட்டளையைத் தா என்று கேட்கும் குறியை டெலிடைப் அச்சிட்டது. சி.பி./எம். பிறந்துவிட்டது.

இதை வாங்கிக்கொள்ள இன்டெல் விரும்பவில்லை. எனவே கில்டாலும் டாரதியும் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினர். முதலில் அதன் பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். அண்டங்களுக்கிடையே வாணிகம் செய்யும் நிறுவனத்துக்கு அலுவலகம் வீடுதான்! பிறகு அடக்கமாக டிஜிட்டல் ரிசர்ச் என்று மட்டும் வைத்துக்கொண்டனர். நிரலைக் கணவர் பார்த்துக்கொள்ள, வாணிகத்தை டாரதி மக்யூவன் என்ற தம் பிறந்த வீட்டுப் பெயரில் மனைவி கவனித்தார். 1975 சனவரியில் ஆல்டேர் 8800 என்ற கணிப்பொறியின் படம் ஓர் அமெரிக்க மின்னணு இதழின் அட்டையில் வந்ததும், வீட்டில் கணிப்பொறி வைத்துக்கொள்ளும் ஆசை அந்நாட்டில் தீயாய்ப் பரவிற்று. கொட்டகைகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் புதிய நிறுவனங்கள் முளைத்தன. எல்லாருக்கும் வட்டை இயக்கும் நிரல் தேவைப்பட்டது. 70 டாலருக்கு அது கில்டாலிடம் கிடைத்தது.

அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது என்று நான் கருதுவதை இங்கே சொல்ல வேண்டும். அன்று ஒவ்வொரு நிறுவனத்தின் பொறியும் ஒவ்வொரு மாதிரி. ஒருவர் இணைத்த வட்டு இன்னொருவருக்குப் பொருந்தாது. புதிய பொறி வரும்போதெல்லாம் தம் நிரலைத் திருத்தித் திருத்தி அலுத்துப் போன கில்டால், இம்சாய் என்ற நிறுவனத்துக்காகத் திருத்த வேண்டி வந்தபோது ஒரு முடிவுக்கு வந்தார். பொறிக்குப் பொறி மாறும் பகுதிகளை மட்டும் தனியே பிரித்து ஒரு சிறு துண்டாக்கி அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். மற்ற பகுதி எதையும் தொட வேண்டியதில்லை. கூத்துக் குழு ஊர் ஊராகப் போகிறது. கதை ஒன்று, வேடம் ஒன்று, பாட்டும் ஒன்று. பந்தலும் விளக்கும் மட்டும் அந்தந்த ஊர்க்காரர் பொறுப்பு. அதைப் போலத்தான் இது. பயாசை மட்டும் பொறி செய்கிறவர் எழுதிக்கொண்டால் போதும்; சி.பி./எம்.மும், அதை நம்பி எழுதிய ஆயிரம் நிரல்களும் அப்படியே ஓடும்.

சின்னச் செய்தி போலத் தோன்றலாம். ஆனால் வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற நிரல்களை எழுதியவர்கள், யாருடைய பொறியில் ஓடும் என்று கவலைப்படாமல் எழுதி விற்க முடிந்தது இதனால்தான். பொறியைச் செய்யாமல் நிரலை மட்டுமே விற்று வாழலாம் என்ற தொழில் சிறு கணிப்பொறி உலகில் வேரூன்றியதற்கு இது ஒரு பெரிய காரணம். 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3000 வகைக் கணிப்பொறிகளில் சி.பி./எம். ஓடிற்று என்று கணக்கிடுகிறார்கள்.

அந்த நாள்களைத்தான் மூத்த நிரலர்கள் இன்றும் பெருமூச்சோடு நினைக்கிறார்கள். திரையில் ‘ஏ’ எழுத்தும் அதன் பக்கத்தில் ஓர் அம்புமுனையும் தவிர வேறெதுவும் இருக்காது. 16 கிலோபைட் நினைவகத்தில் எல்லாம் நடக்க வேண்டும். பொறி எங்கே எந்த எண்ணை வைத்திருக்கிறது என்பதை ஒரே ஆள் முழுவதும் மனத்தில் வைத்திருக்க முடிந்தது என்பதுதான் அவர்கள் ஏக்கத்தின் மையம். இன்று நம் கைப்பேசிக்குள் நடப்பதை முழுதாக அறிந்த மனிதர் உலகில் ஒருவரும் இல்லை என்கிறார்கள். உண்மைதான். ஆயினும் அவர்களுடைய பொற்காலத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. 1981-இல் வந்த ஆசுபார்ன் என்ற கையில் தூக்கிச் செல்லும் கணிப்பொறி மலிவானது என்று கொண்டாடப்பட்டது. அதன் விலை 1795 டாலர். பதினொன்றாம் வகுப்பில்தான் முதன்முதலாக விசைப்பலகையைத் தொட்ட என் போன்றவனுக்கு அந்தப் பொற்காலத்தின் வாசற்படியில்கூட இடம் இருந்திருக்காது.

கில்டாலைப் பற்றி உலகம் வழக்கமாகச் சொல்லும் கதைக்கு இப்போது வருகிறேன். 1980-இல் உலகின் மிகப் பெரிய கணிப்பொறி நிறுவனமான ஐ.பி.எம்., தனியாளுக்கான கணிப்பொறி ஒன்றை இரகசியமாகச் செய்யத் தொடங்கியது. இயக்க அமைப்பு வேண்டி அதன் ஆட்கள் பசிபிக் குரோவுக்கு வந்தனர். அன்று கில்டால் தம் சொந்த விமானத்தில் பறந்து போய்விட்டார், கோபித்துக்கொண்ட ஐ.பி.எம். கேட்சிடம் சென்றது, கேட்சு உலகப் பெருஞ்செல்வரானார், கில்டால் வாய்ப்பை இழந்தார். இதுதான் கதை. ஒரு நாள் விளையாட்டுப் புத்தியால் ஒரு வாழ்வு தொலைந்தது போல இதைச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. என் அப்பா பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவர். தொழிற்பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தும், சேர வேண்டிய நாளில் காலைப் பேருந்தைத் தவறவிட்டதால் படிப்பு போயிற்று என்று அத்தை, பெரியப்பா எல்லாரும் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பேருந்து மட்டும் கிடைத்திருந்தால் என்று சொல்லாத தீபாவளி இல்லை. கில்டாலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாள்களில், விடுமுறைக்குப் போனபோது அப்பாவிடமே கேட்டேன். பேருந்து போனது மெய்தான் என்றார். ஆனால் மறுநாளும் சேர்க்கை நடந்தது என்றும், கட்டணத்துக்கும் விடுதிக்கும் பணம் புரளவில்லை என்றும் சொன்னார். பணம் இல்லை என்று ஊரில் சொல்வதைவிடப் பேருந்து போய்விட்டது என்று சொல்வது தாத்தாவுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு கில்டாலின் விமானத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அவர் அன்று பறந்தது மெய். ஆனால் ஊர் சுற்ற அன்று. ஓக்லண்டு பக்கம் இருந்த ஒரு வாடிக்கையாளரைத் தொழில் நிமித்தம் பார்க்கப் போனார். வாணிகப் பேச்சைக் கவனிப்பது எப்போதும் டாரதியின் பொறுப்பாகவே இருந்தது. ஐ.பி.எம். ஆட்கள் முதலில் ஓர் இரகசிய உடன்படிக்கையில் கையெழுத்திடச் சொன்னார்கள். தாங்கள் சொல்வது எதையும் மற்றவர் வெளியிடக் கூடாது. மற்றவர் சொல்வதைத் தாங்கள் காக்க வேண்டியதில்லை என்ற வகையிலான ஒருதலை உடன்படிக்கை. டாரதியும் வழக்கறிஞரும் தயங்கியது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கில்டால் பிற்பகலில் திரும்பி வந்து அவர்களைச் சந்தித்தாரா என்பதில் இரு தரப்பார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. பேச்சு முறிந்ததற்குப் பணம் கொடுக்கும் முறையும் ஒரு காரணம், ஐ.பி.எம். ஒரே தடவையில் ஒரு தொகை கொடுத்து முடிக்க விரும்பியது, விற்கும் ஒவ்வொரு படிக்கும் உரிமைத்தொகை வாங்குவது கில்டால் நிறுவனத்தின் வழக்கம்.

சியாட்டிலில் டிம் பாட்டர்சன் என்ற இளைஞர் சி.பி./எம். கையேட்டில் கண்ட கட்டளை அமைப்பையொட்டி, புதிய 8086 செயலிக்கு ஓர் இயக்க அமைப்பை 1980-இல் எழுதியிருந்தார். மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. ‘ஏ’, ‘பி’ என்ற வட்டுப் பெயர்களும் அதனோடு போயின. பிற்காலத்தில் இரண்டின் நிரல் வரிகளையும் ஒப்பிட்டவர்கள் நகலெடுத்ததற்குச் சான்று காணவில்லை. அமைப்பைப் பின்பற்றியதை யாரும் மறுக்கவில்லை. கில்டால் வழக்குத் தொடுக்கப் போவதாக எச்சரித்தபோது ஐ.பி.எம். இறங்கிவந்து, அவருடைய சி.பி./எம்.-86 என்ற அமைப்பையும் தன் பொறியோடு விற்பதாக ஒப்புக்கொண்டது. கில்டால் வென்றுவிட்டதாகவே எண்ணினார்.

ஐ.பி.எம். கணிப்பொறி 1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் வெளிவந்தது. மைக்ரோசாப்ட் அமைப்பு உடனே கிடைத்தது, சி.பி./எம்.-86 வந்து சேர அடுத்த ஆண்டாயிற்று. வந்தபோது முன்னதன் விலை 40 டாலர், பின்னதன் விலை 240 டாலர். கடையில் நிற்கிறவர் எதை எடுப்பார்? விமானம் பறந்த நாளை எல்லாரும் அறிவார்கள். இந்த இருநூறு டாலரை யாரும் கதையாகச் சொல்வதில்லை. விமானத்தைச் சொன்னால் கில்டால் விளையாட்டுப் பிள்ளை, டாரதி காரியத்தைக் கெடுத்த மனைவி என்று இருவரையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். தாமதத்துக்கு கில்டால் பக்கமும் பொறுப்பு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. வாணிகத்தின் ஓட்டம் அவருக்கு என்றுமே பிடிபடவில்லை.

அவர் வறுமையில் வாடினார் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும் பணம் ஈட்டினார், விமானங்கள் வைத்திருந்தார். 1983 முதல் 1990 வரை கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஸ்டூவர்ட் ஷெஃபேயுடன் அமர்ந்து, போட்டியாளர்களின் சரக்கைக்கூடப் பதற்றமின்றி, கற்பிக்கும் ஆசிரியர் போலவே ஆராய்ந்தார். 1985-இல் அவருடைய இன்னொரு நிறுவனம் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே குறுந்தகட்டில் அடக்கிக் காட்டியது. இப்படிப் புதியதைக் கண்டுகொண்டே இருந்தார்; ஆனால் டிஜிட்டல் ரிசர்ச் தளர்ந்து 1991-இல் நோவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. டாரதியோடான மணவாழ்வு 1983-இலேயே முறிந்திருந்தது. குடிப்பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது.

1992-இல் அவர் பயின்ற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறித் துறை தன் வெள்ளி விழாவைக் கொண்டாடியது. அத்துறையின் தொடக்ககால முனைவர்களுள் ஒருவரான கில்டாலுக்கு வந்தது பார்வையாளராக வரும்படி ஓர் அழைப்பு. சிறப்புரைக்கு அழைக்கப்பட்டவரோ வேறொரு பல்கலைக்கழகத்தில் படிப்பைப் பாதியில் விட்டுவந்த கேட்சு. நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவன். இந்த இடத்தைப் படித்தபோது அவருடைய மனப்புண் எனக்கு உடனே விளங்கிற்று. பணத்தில் தோற்றதை அவர் எப்படியோ தாங்கிக்கொண்டார். படித்த இடமும் பணத்தைப் பார்த்து நாற்காலி போட்டதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த வருத்தத்தில் தம் நினைவுகளை எழுதத் தொடங்கி, கையெழுத்துப் படியை நண்பர்கள் சிலருக்கு மட்டும் கொடுத்தார். 1994 சூலையில் மான்டரேயில் ஒரு மதுக்கடையில் தலையில் அடிபட்டது. மூன்று நாள் கழித்து, 11-ஆம் தேதி இறந்தார். அடி எப்படிப்பட்டது என்பது தெளிவாகவில்லை. வயது 52.

அவருடைய நினைவுக் குறிப்புகளின் முதல் பகுதியை 2016-இல் குடும்பத்தாரின் இசைவோடு கலிபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. அதற்கு இரண்டாண்டு முன்பே, சி.பி./எம்.மின் தொடக்ககால மூல நிரல்களை யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருந்தது. பசிபிக் குரோவில் அவருடைய நிறுவனம் இருந்த பழைய வீட்டின் முன் 2014 ஏப்ரலில் ஒரு நினைவுப் பலகையும் பதித்தனர். பழைய நாள்களை மறக்க முடியாத நிரலர்கள் இன்றும் சிறு மின்சுற்றுப் பலகைகளைக் கையால் பற்றவைத்துச் சி.பி./எம்.மை ஓட்டிப் பார்க்கிறார்கள். பலகை செய்ய நமக்கு வசதியில்லை. ஆனால் இன்றைய கணிப்பொறியையே அந்தக் காலப் பொறியாக நடிக்க வைக்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கடந்த பருவத்தில் விரிவுரையாளரிடம் அனுமதி பெற்று, ஆய்வகத்தில் சன்னலோரக் கணிப்பொறியில் அத்தகைய ஒன்றை ஓட்டினேன். கருந்திரையில் ‘ஏ’யும் அம்புமுனையும் வந்து நின்றன. கோப்புப் பட்டியலைக் கேட்கும் கட்டளையைத் தட்டினேன். கண்ணிமைப்பதற்குள் பட்டியல் விழுந்தது. பின்னால் நின்ற நண்பன், இதில் பாட்டுக் கேட்க முடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன். பிறகு அவனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ‘பி’ வட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டான்.